கூச்சம் எடுத்த படம்

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் படம் பிடிப்பதுதான் அவள் வேலை. காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் கூப்பிடுவார். கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவாள். நொறுங்கிய முகப்பு, வளைந்த கதவு, விரிசல் விட்ட கண்ணாடி, சாலையில் டயர் இழுத்த கோடு, கடைசியாக ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியும் காட்சி. இந்த வரிசை மாறாது. அழகுக்கெல்லாம் இந்தத் தொழிலில் வேலை கிடையாது. அடி எங்கே பட்டது என்று தெரிந்தால் போதும். ஆனால் வண்டி என்றாலே பளபளப்புதான். கண்ணாடியில் வானம் தெரியும், பெயின்டில் மரம் தெரியும், படம் எடுக்கிறவளின் மூஞ்சியே கதவில் அசடு வழிந்துகொண்டு நிற்கும். விரிசலைத் தேடிப் போனால் மேகம்தான் கிடைக்கும்.

அதற்காகத்தான் போலரைசர். லென்ஸின் முன்னால் திருகி மாட்டுகிற கருத்த கண்ணாடி வட்டம். மாட்டிய பிறகும் அதன் வெளி வளையம் மட்டும் தனியாகச் சுற்றும். கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு வளையத்தை மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் கண்ணாடி மேல் கிடந்த வெளிச்சம் சட்டென்று அணைந்துபோய், உள்ளே இருக்கையும் ஸ்டியரிங்கும் தெரிய ஆரம்பிக்கும். இன்னும் திருப்பினால் வெளிச்சம் மறுபடி வந்துவிடும். கண்ணாடி, தண்ணீர், ஈரச் சாலை, இலை எல்லாவற்றிலும் இது செல்லும். வெறும் இரும்பிடம் மட்டும் இதன் பாச்சா பலிக்காது. சரிவாகப் பார்த்தால்தான் வேலை செய்யும், நேருக்கு நேர் நின்றால் கைவிரித்துவிடும். எந்த இடத்தில் எவ்வளவு திருப்புவது என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இடது கை பாட்டுக்குத் திருப்பிக்கொண்டிருக்கும்.

அவர்கள் வட்டாரத்தில் இதற்குக் ‘கூச்சம் எடுப்பது’ என்று பேர். கண் கூசுவதை எடுப்பதால் அப்படி. அவள் எடுத்த படங்களில் மருந்துக்கும் அது இருக்காது என்பதால் சர்வேயர்கள் அவளுக்குக் ‘கூச்சமில்லாதவள்’ என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். பட்டம் இரண்டு விதத்திலும் பொருந்தியது. போக்குவரத்துக் காவலரைப் பார்த்து, தொப்பை ஃபிரேமில் வருகிறது, கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள் சார் என்று கூசாமல் சொல்லக்கூடியவள் அவள்.

வீட்டுக்கு வர வேண்டிய கூச்சம் மொத்தத்தையும் தம்பி ஒருவனே வாங்கிக்கொண்டான் என்று அம்மா சொல்வாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன். ஒருமுறை கடையில் அளவு சிறிய செருப்பைக் கொடுத்துவிட்டார்கள். மாற்றித் தரச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, அது தேய்ந்து கிழியும்வரை விரல்களை மடக்கியே நடந்தான். ரொட்டி நிறுவனம் ஒன்றில் வண்டி ஓட்டினான். விடிந்ததும் கடை கடையாக ரொட்டி இறக்க வேண்டும், யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை, அதனாலேயே அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. ஹாரன் அடிக்கக்கூட அவனுக்குச் சங்கடம். முன்னால் போகிறவர் தாமாக விலகட்டும் என்று பின்னாலேயே ஊர்ந்துகொண்டு போவான். இப்படிப்பட்டவன் ஓர் ஆளை இடித்துக் கொன்றுவிட்டான் என்று சொல்லியிருந்தால் அவர்கள் தெருவில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். படத்தைப் பார்த்த பிறகு நம்பினார்கள்.

அன்று காலை சர்வேயர் கூப்பிட்டபோது அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வங்கி வளைவில் ரொட்டி வண்டி ஒன்று சாலையைக் கடந்த பெண் மேல் மோதிவிட்டது, உங்கள் வீட்டுக்குப் பக்கம்தானே, வண்டியை நகர்த்துவதற்குள் எடுத்துவிடுங்கள் என்றார். ரொட்டி வண்டி என்றதும் தம்பி ஞாபகம்தான் வந்தது. உடனே தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்த நிறுவனத்துக்கு ஊர் முழுக்க ஒரே மாதிரி மஞ்சள் வண்டிகள், தம்பி ஓட்டுவதோ ஊரின் மறுகோடியில். இந்தப் பக்கத்து ஓட்டுநர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அன்றைக்கு மட்டும் தம்பியை இங்கே மாற்றிவிட்டிருந்தார்கள். அவன் வீட்டில் சொல்லவில்லை. சொல்கிற ரகமும் இல்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஓட்டுநரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடிபட்டவளை ஆம்புலன்ஸ் எடுத்துப் போயிருந்தது. தையற்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளாம். வெள்ளைக் கோடுகள் போட்ட இடத்தில், கடக்க வேண்டிய இடத்தில்தான் கடந்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் பையிலிருந்து விழுந்த அளவு நாடா சாலையில் நீளமாகக் கிடந்தது. அதையும் சேர்த்து முறையாக எடுத்தாள் நம் கூச்சமில்லாதவள். முகப்பு, விளக்கு, விரிசல், டயர்க் கோடு. பிறகு கடைசிப் படத்துக்காக வண்டிக்குள் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

வளைவின் வலப்பக்கம் வங்கியின் புதுக் கட்டடம். முகப்பு முழுக்கக் கண்ணாடி. சாரத்தைப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அதன் குணம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. இடப்பக்கத்துச் சந்தின் இடைவெளி வழியாகக் காலை வெயில் வந்து, அந்தக் கண்ணாடிச் சுவரில் சரிவாகப் பட்டு, வளைவில் திரும்புகிற வண்டிக்குள் நேரே விழுந்தது. முன்கண்ணாடியில் படிந்திருந்த தூசு முழுவதும் எரிந்தது. சாலை இல்லை, கோடு இல்லை, எதிரே கடை இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, “சனியனே” என்று அந்த வெளிச்சத்தைத் திட்டினாள். கேமராவை உயர்த்தி ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். வெறும் வெள்ளை. சீ என்று அங்கேயே அதை அழித்தாள். பிறகு கண்ணை வைத்தாள், இடது கை வளையத்துக்குப் போயிற்று. வெள்ளை வடிந்தது. சாலை வந்தது, கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன, எதிர்க்கடையின் பூட்டுகூடத் தெரிந்தது. அமுக்கினாள். மனசுக்கு நிறைவாக இருந்தது. சர்வேயரின் அலுவலகத்துக்குப் படங்களை அனுப்பிவிட்டு, போகிற வழியில் தேநீர் குடித்தாள்.

வீட்டு வாசலில் அம்மா தலைவிரி கோலமாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் செய்தி கேட்டுச் சொல்லியிருக்கிறார். இருவரும் ஓட்டமும் நடையுமாகக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போடப்பட்டிருந்தது, காலையிலேயே அவசரத்தில் அப்படிப் போட்டுக்கொண்டு வந்திருப்பான். அக்காவைப் பார்த்ததும் எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

“ஒண்ணுமே தெரியலக்கா. திரும்பினேன், எல்லாம் வெள்ளையா ஆயிடுச்சு. கண்ணு கூசுச்சு. பிரேக் போடறதுக்குள்ள சத்தம் கேட்டுச்சு.”

மேசைக்குப் பின்னாலிருந்த இன்ஸ்பெக்டர் தலை நிமிராமலே, “கண்ணு கூசுச்சாம். மனசு கூசலியா?” என்றார். பக்கத்தில் நின்ற காவலர் சிரித்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து விசாரணையில் ஒரு வார்த்தையும் பெயரவில்லை.

வெள்ளை என்று அவன் சொன்ன அந்த வெள்ளையை அவளும் பார்த்திருக்கிறாள். திட்டியிருக்கிறாள். அவனுக்குச் சாட்சியாக இந்த உலகத்தில் இருந்த ஒரே பொருளை விரல் நுனியால் திருப்பி அணைத்துவிட்டு, நிறைவோடு தேநீர் குடித்திருக்கிறாள். அங்கேயே சுவரில் தலையை மோதிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அம்மா பக்கத்தில் இருந்ததால் மோதிக்கொள்ளவில்லை.

சர்வேயரிடம் ஓடினாள். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் படங்கள் அவர் கையைவிட்டுப் போயிருந்தன. நிறுவனத்துக்கு ஒரு பிரதி, காவல்துறைக்கு ஒரு பிரதி. கம்ப்யூட்டரில் ஏதாவது செய்து கூச்சத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாதா என்று கேட்டார். முடியாது என்று அவள் தலையை ஆட்டினாள். கறுத்ததை வெளுக்கலாம், வெளுத்ததைக் கறுக்கலாம், அதெல்லாம் லென்ஸைத் தாண்டி உள்ளே வந்த வெளிச்சத்தை வைத்துச் செய்கிற வித்தை. வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பிய வெளிச்சத்தை எங்கே போய்த் தேடுவது? அழித்த அந்த முதல் படத்தை மீட்கலாம் என்று கேமராவின் மெமரி கார்டைக் கடை கடையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். அதற்குள் வேறு இரண்டு விபத்துகளை அதே கார்டில் எடுத்திருந்தாள். ஒரு கடைக்காரன் பாதி நாள் உட்கார்ந்து தேடி, யாருடைய வண்டியினுடையதோ பம்பரின் கால்வாசியை மீட்டுக் கொடுத்தான்.

சரி, மறுபடி எடுத்தால் என்ன? அதே இடம், அதே வெயில். மறுநாள் காலை போய் நின்றாள். வானம் மூடிக்கிடந்தது. அதற்கு மறுநாள் தூறல், பிறகு அடைமழை. தினமும் போனாள். குடையைப் பிடித்துக்கொண்டு, மங்கிய கண்ணாடிச் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பார்த்து வங்கிக் காவலாளி கணக்குத் தொடங்க வந்தவளோ என்று விசாரித்தார். மழை விட்டு ஒருவழியாக வெயில் வந்தபோது சூரியன் இடம் மாறியிருந்தது. சந்தின் இடைவெளியில் வர வேண்டியது பக்கத்துக் கட்டடத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கண்ணாடியில் பட்ட கொஞ்சநஞ்ச வெளிச்சமும் எதிர்க்கடைக் கூரையில் விழுந்து வீணாயிற்று. வளைவு பச்சைப் பிள்ளை மாதிரி நின்றது.

நீதிமன்றத்தில் அவளைக் கூப்பிட்டது எதிர்த்தரப்பு. படம் எடுத்தவள் என்ற முறையில், படம் உண்மையானது என்று சொல்ல வேண்டும். கடைசிப் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். அவள் வாழ்நாளில் எடுத்ததிலேயே தெளிவான படம் அதுதான் என்று அவளுக்கே தோன்றியது. ஓட்டுநர் இருக்கை, ஸ்டியரிங்கின் மேல் வளைவு, முன்கண்ணாடி, அதற்கப்பால் துடைத்துவிட்ட மாதிரி சாலை. தம்பி அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறான். கூண்டிலிருந்து அவன் கண் அதை விட்டு நகரவே இல்லை.

அரசு வக்கீல் பண்பாகத்தான் கேட்டார். இந்தப் படத்தை எடுத்தது நீங்கள்தானா? ஆமாம். இப்படி எடு, அப்படி எடு என்று யாராவது சொன்னார்களா? இல்லை. எடுக்கும்போது ஓட்டுநர் உங்கள் தம்பி என்று தெரியுமா? தெரியாது. அப்படியானால் இது யாருக்கும் சாதகமாகவோ பாதகமாகவோ எடுத்த படம் இல்லையே? இல்லை. அவ்வளவும் சத்தியம். ஒவ்வொன்றுக்கும் அவள் இல்லை, ஆமாம் என்று சொல்லச் சொல்ல, தம்பியின் கழுத்தில் தானே கயிற்றை இறுக்குவது போல இருந்தது.

பிறகு அவள், அந்த வெள்ளையைத் தானும் கண்ணால் பார்த்ததையும் போலரைசரைப் பற்றியும் சொன்னாள். கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். நீதிபதி வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இது அன்றைக்கு லென்ஸில் இருந்ததற்கு என்ன சான்று என்று அரசு வக்கீல் கேட்டார். கேமரா எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளும். நேரம் எழுதும், லென்ஸ் எதுவென்று எழுதும், எவ்வளவு திறந்தது என்று எழுதும். முன்னால் மாட்டிய வட்டத்தை மட்டும் எழுதாது. படத்தின் மேல் மூலையில் வானம் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகக் கறுத்திருப்பதைக் காட்டினாள், இந்த போலரைசர் ஃபில்டர் இருந்தால்தான் அப்படி வரும் என்றாள். வானம் நீலமாகத்தானே அம்மா இருக்கும் என்றார் அவர். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“ஓட்டுனது உங்க தம்பின்னு வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் இந்த ஃபில்டர் ஞாபகமே வந்துச்சு. அப்படித்தானே?”

அப்படித்தான். அந்த வரிசையில் ஒரு பொய்யும் இல்லை. அவள் “ஆமா” என்றாள்.

தம்பியின் வக்கீல் எழுந்து என்னென்னவோ சொன்னார். அந்தக் காலையில் அந்த வளைவில் எத்தனையோ வண்டிகள் போயின, வேறு யாருக்கும் கண் கூசவில்லை என்று எதிர்த்தரப்பு முடித்துவிட்டது. தம்பியிடம், நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று நீதிபதி கேட்டார். அவன் திரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், இல்லை என்று தலையசைத்தான். சிறை என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வராந்தாவில் இறந்துபோன தையல்காரியின் கணவர் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, சவரம் செய்யாத மனிதர். திட்டப்போகிறார் என்று நினைத்தாள், திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தாள். அவர் இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டு நின்றார்.

“சொந்தத் தம்பின்னும் பாக்காம, அது நீங்க எடுத்த படம்தான்னு கோர்ட்டுல ஒத்துக்கிட்டீங்க. என்ன நடந்துச்சுன்னு தெரியாமலே போயிருக்கும்மா. உங்களாலதான் தெரிஞ்சுது.”

இல்லை, உங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மனிதர் இரவெல்லாம் எதைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்? வங்கியின் கண்ணாடியையா? தலையை மட்டும் அசைத்துவிட்டு நகர்ந்தாள். அவர் நன்றி சொன்னது பல நாள் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு போடுவாள், துணி மடித்து வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒரே ஒரு தடவை, கரண்டியைக் கழுவிக்கொண்டே, “ஊர்ல இருக்கிற கண்ணாடியெல்லாம் உன்னைத்தான் நம்பி இருந்துதா?” என்றாள். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை.

வேலைக்குப் போனாள், போகாமல் என்ன செய்வது? ஆனால் ஃபில்டரைத் தொட உடம்பு கூசியது. மாட்டாமலே எடுத்துக் கொடுத்தாள். படங்களில் வானமும் மரமும் அவள் மூஞ்சியும் மண்டிக் கிடந்தன. சர்வேயர் ஒன்றிரண்டு தடவை பொறுத்தார், பிறகு, இதில் அடி எங்கே இருக்கிறது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் தெரியவில்லையே என்றார். அவளைக் கூப்பிடுவது குறைந்தது. கல்லூரி அடையாள அட்டைக்கு ஃபோட்டோ பிடிக்கிற ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தாள். கண்ணாடி போட்ட பிள்ளைகளிடம், கண்ணாடியில் விளக்கு தெரிகிறது, கழற்றிவிடு என்பாள். வேறு எந்தச் சாமர்த்தியமும் காட்டுவதில்லை.

ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருஷத்தை ஓட்டினாள். சூரியனுக்கு மறதி கிடையாது. எந்த வாரத்தில் அந்தச் சந்தின் வழியாக வந்ததோ, அடுத்த வருஷம் அதே வாரத்தில் வந்தே தீரும். வக்கீலும் அதை ஒத்துக்கொண்டார். புதிதாக ஏதாவது கையில் இருந்தால் மேல்முறையீட்டில் கேட்டுப் பார்க்கலாம், அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றார். சிறைக்குப் போகும்போதெல்லாம் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு தம்பியிடம் இதையே சொல்வாள். அவன் கேட்டுக்கொள்வான். அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்பான். இளைத்துக்கொண்டே வந்தான். தூக்கம் வருகிறதா என்றால், வருகிறது என்பான்.

அந்த வாரம் வந்தது. ரொட்டி நிறுவனத்தின் ஓட்டுநர் ஒருவரைக் கெஞ்சி வண்டியோடு வரச் சொல்லியிருந்தாள். போலரைசரை வேண்டுமென்றே வீட்டில், அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். முதல் நாள் மேகம். இரண்டாம் நாள் வானம் சுத்தமாக இருந்தது. வண்டியை வளைவில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

வந்தது. முதலில் கண்ணாடிச் சுவரின் ஓரத்தில் ஒரு கீற்று. பிறகு பலகை பலகையாகப் பரவி, சடாரென்று வண்டிக்குள் விழுந்தது. சாலை போயிற்று, கோடு போயிற்று, கடை போயிற்று. அவள் கேமராவை உயர்த்தினாள். இடது கை அதன் பாட்டில் லென்ஸின் நுனிக்குப் போய், அங்கே இல்லாத வளையத்தைத் திருப்பப் பார்த்தது. அந்தக் கையை உதறிவிட்டு ஒற்றைக் கையாலேயே எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். படத்தில் ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கின் மேல் வளைவு, அதற்கப்பால் வெள்ளை. முன்னால் ஒரு யானை நின்றால்கூடத் தெரியாது. ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு, என்னம்மா படம் பாழாகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். அவள் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த அழுகை.

வக்கீல் படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இது போதும், முயற்சி பண்ணலாம், தம்பியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் சாப்பிட்டுட்டுப் போ என்றாள்.

சிறையில் படத்தைக் கம்பி வலையில் ஒட்டினாற்போலப் பிடித்துக் காட்டினாள். தம்பி குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அவன் உதடு லேசாக நடுங்கியதை அவள் பார்த்தாள், இதோ, நம்பிவிட்டான் என்று அவள் நெஞ்சு துள்ளியது.

“இப்படித்தான் இருந்துச்சா? சொல்லுடா. அன்னைக்கு இப்படித்தானே இருந்துச்சு?”

“எனக்குத் தெரியலக்கா.”

“என்னடா தெரியல? நீதானே சொன்னே, வெள்ளையா ஆயிடுச்சுன்னு.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். சங்கடமான விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கும்போது அப்படித்தான் செய்வான். பிறகு ஆளைப் பார்க்காமல், பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“சொன்னேன். அப்போ அப்படித்தான் தோணுச்சு. அன்னைக்குக் கோர்ட்டுல நீ எடுத்த படத்தைப் பார்த்ததிலேருந்து கண்ணை மூடினா அதுதான் வருது. ரோடு தெரியுது. கோடு தெரியுது. எதிர்ல பூட்டு தொங்குறது தெரியுது. இப்போ அந்தம்மா வர்றதுகூடத் தெரியுது. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, என்னைப் பார்த்துக்கிட்டே வர்றாங்க. நானும் பார்க்கிறேன். பார்த்தும் நிறுத்தலக்கா.”

“டேய், அந்தப் படத்துல அவங்க இல்லவே இல்லடா. அது நான் திருப்பினதாலதான் அப்படித் தெரியுது. நான்தான்டா அழிச்சேன்.”

“எனக்காகச் சொல்றே.”

அவன் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்கு விளக்குவது போலப் பொறுமையாகச் சொன்னான்.

“முதல் படத்தை எடுக்கும்போது நான்னு உனக்குத் தெரியாது. இது எனக்காகன்னே போய் எடுத்தது. ரெண்டுல எது நிஜம்னு யாரைக் கேட்டாலும் என்ன சொல்லுவாங்க? நீயே சொல்லுக்கா.”

கையெழுத்துப் போட வேண்டிய தாளை அவள் வலையின் கீழ்ச் சந்து வழியாகத் தள்ளினாள், அவன் அதைப் பார்த்துவிட்டு, மடித்து, திரும்ப அவள் பக்கம் தள்ளினான். அவள் கெஞ்சினாள். அம்மா பேரைச் சொன்னாள். உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று திட்டினாள், காவலர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினாள். அவன் எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். நேரம் முடிந்தது என்று காவலர் வந்து நின்றபோதுதான் வாயைத் திறந்தான்.

“அக்கா, ஒண்ணு கேட்டா செய்வியா?”

“கேளுடா.”

“அந்தப் பழைய படம் ஒண்ணு கொண்டு வந்து குடு. இதை நீ காட்டினதும் ஒரு நிமிஷம் எனக்கே ஆசையா போயிடுச்சு. என் மேல தப்பு இல்லியோன்னு நெனச்சுட்டேன். அந்தப் படம் கைல இருந்தா அப்படி நெனைக்க மாட்டேன்.”

அவள் முடியாது என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, என்ன ஆச்சு என்று கேட்டாள். கையெழுத்துப் போடவில்லை என்றாள். அம்மா உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

அதற்கடுத்த முறை போனபோது அவன் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தான். அதற்கும் அடுத்த முறை அதே பார்வை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று காவலரே சொன்னார். அன்று ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும், பிள்ளைகளின் அடையாள அட்டைப் படங்களுக்கு நடுவே, அந்தப் பழைய படத்தை ஒன்று பிரின்ட் போட்டாள். மை ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மறுமுறை போனபோது வலைக்குக் கீழே தள்ளினாள். அவன் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான், “நல்லா விழுந்திருக்குக்கா” என்றான்.